உடல் அளவுகளை எவ்வளவு நம்பலாம்? இயன்முறை சிகிச்சையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டுக்கும் பெருந்துறைக்கும் நடுவே ஒரு சிறிய சிகிச்சை அறையில் பல ஆண்டுகளாக இயன்முறை மருத்துவராக வேலை செய்கிறேன். மூட்டு மாற்று அறுவை முடிந்தவர்கள், தென்னை மரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டவர்கள், பக்கவாதத்துக்குப் பின் நடை பழகுகிறவர்கள், விசைத்தறியில் நின்று நின்று தோள் இறுகிப்போனவர்கள் என்று பலரும் வருகிறார்கள். எல்லோர் கையிலும் ஒரு நோட்டு. அதில் தேதியும் எண்களும். அளந்துவிட்டு நான் நிமிர்வதற்குள் கூட வந்த மகனோ மருமகளோ கேட்டுவிடுவார்கள்: "போன வாரத்தை விட ஏறியிருக்கிறதுங்களா?"

அந்த ஓர் எண்ணை வைத்து வீட்டில் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. ஆகவே அந்த எண் எப்படிப் பிறக்கிறது, எந்த அளவுக்கு அதன்மீது பாரம் ஏற்றலாம் என்பதை நோயாளிகளும் வீட்டாரும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இந்தத் துறைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கும் சில பதில்கள் பயன்படும்.

நேற்று முழங்கால் 95 டிகிரி மடங்கியது. இன்று 91 என்கிறார்கள். கால் பின்னால் போய்விட்டதா?

அந்த எண்ணை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டர் என்பது இரண்டு பட்டைகளைக் கொண்ட பிளாஸ்டிக் கருவி, அவ்வளவுதான். பழகிய கை பிடித்தாலும் சுமார் 5 டிகிரி முன்பின் ஆகும் என்பது எங்கள் துறையில் பொதுவாக ஏற்றுக்கொண்ட கணக்கு. 95-க்கும் 91-க்கும் உள்ள இடைவெளி அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

கருவியை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள். நேற்று ஒத்தடம் கொடுத்து, பயிற்சியும் முடித்த பிறகு அளந்திருப்பார்கள். இன்று சென்னிமலையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து இறங்கியவுடன் அளந்திருப்பார்கள். சித்திரை வெயிலில் மாலை நேரத்துக் காலில் நீர் கோத்திருக்கும். முந்தின இரவு வலியில் தூக்கம் இல்லாமல் போயிருக்கலாம். இவற்றில் ஒன்று போதும், நான்கு டிகிரி குறைவதற்கு.

மூன்று வாரமாக ஒரே நேரத்தில், ஒரே முறையில் அளந்து, எண் இறங்கிக்கொண்டே வந்தால் அது வேறு விஷயம். அப்போது கவலைப்பட வேண்டும். அறுவை செய்த மருத்துவரிடமும் காட்ட வேண்டும்.

'நம்பகத்தன்மை' என்று சொல்கிறீர்களே, அதற்கு என்ன பொருள்?

மாறாத ஒன்றைத் திரும்பத் திரும்ப அளந்தால் ஏறக்குறைய அதே விடை வர வேண்டும். இதுதான் அளவின் நம்பகத்தன்மை.

திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் வேலை பார்த்தவர்களுக்கு நான் இதை விளக்கவே வேண்டியதில்லை. ஒரு சட்டையின் மார்பகலத்தை எந்த இடத்தில் அளக்க வேண்டும், அக்குளிலிருந்து எவ்வளவு கீழே டேப்பை வைக்க வேண்டும், துணியை இழுக்காமல் எப்படி விரிக்க வேண்டும் என்பதெல்லாம் அளவுத்தாளில் இருக்கும். எவ்வளவு கூடக்குறைய இருந்தால் ஏற்கலாம் என்பதையும் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். அந்த வரம்பைத்தான் 'டாலரன்ஸ்' என்று அங்கே சொல்கிறார்கள். ஒரு நோயாளியின் தொடையை அளக்கும்போதும் இதே ஒழுங்கு வேண்டும். பல இடங்களில் அது இல்லை என்பதுதான் என் மனக்குறை.

கோவை லேத் பட்டறைகளில் இன்னொரு நல்ல வழக்கம் உண்டு. புதிதாக வாங்கிய கருவியைச் சோதிக்க, ஒரே ஆள் ஒரே துண்டை மூன்று முறை அளப்பார். பிறகு வேறொருவர் அதையே அளப்பார். முதலாவது, ஒரே கை தன்னோடு தானே எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைக் காட்டும். இரண்டாவது, ஒரு கை இன்னொரு கையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைக் காட்டும். உடல் அளவுகளிலும் இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலான அளவுகளில் முதலாவது நன்றாகவும் இரண்டாவது அதைவிடக் குறைவாகவும் இருக்கும்.

நம்பகமாக இருந்தால் சரியாகவும் இருக்கும் என்றுதானே பொருள்?

அப்படி இல்லை. மஞ்சள் மண்டியில் ஒரு தராசு எப்போது வைத்தாலும் மூட்டைக்கு ஒரு கிலோ குறைத்தே காட்டுகிறது என்று வையுங்கள். பத்து முறை வைத்தாலும் அதே விடைதான். நம்பகத்தன்மையில் அதற்குக் குறையே இல்லை. ஆனால் விவசாயிக்கு ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு கிலோ நட்டம். சரியானதைக் காட்டுகிறதா என்பது தனிக் கேள்வி. அதை ஏற்புடைமை என்கிறோம். தொடையின் சுற்றளவை மிகத் துல்லியமாக, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி அளந்துவிடலாம். அதற்குள் இருப்பது தசையா, கொழுப்பா, வீக்கத்தின் நீரா என்று டேப் சொல்லாது.

இரண்டு இயன்முறை மருத்துவர்கள் ஒரே நாளில் இரண்டு எண் சொன்னார்கள். யார் சொன்னது சரி?

இருவரும் சரியாக இருக்கலாம். முழங்காலை அளப்பதைக் கிட்டத்தில் இருந்து பாருங்கள், புரியும்.

நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார். என் விரல் முதலில் இடுப்பின் வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் தொடையெலும்பின் மேல்முனையைத் தேடுகிறது. சதைப்பிடிப்பான உடம்பில் அதைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை. காலை உள்ளும் வெளியும் லேசாக உருட்டினால்தான் விரலுக்கடியில் எலும்பு அசைவது தெரியும். கருவியின் அச்சு முழங்காலின் வெளிப்பக்க எலும்பு மேட்டில் உட்கார வேண்டும். ஒரு பட்டை நான் முதலில் தேடிய முனையை நோக்க வேண்டும். மற்றது கணுக்காலின் வெளிப்பக்க எலும்பை நோக்க வேண்டும். பிறகு காலை மடக்குகிறேன். தோல் நகர்கிறது, அதோடு என் குறியும் நகர்கிறது. இனி மடங்காது என்று மூட்டு சொல்லும் இடத்தில் நிறுத்த வேண்டும். அதற்கு முன்பே வலி சொல்லிவிடும். வலியைக் கேட்டு நிறுத்துகிறவருக்கு 88. இன்னும் சற்று அழுத்துகிறவருக்கு 96.

நோயாளி தானே மடக்கினாரா, நாங்கள் மடக்கிவிட்டோமா என்பதும் உண்டு. மல்லாந்து படுத்தா, கட்டிலில் கால் தொங்க உட்கார்ந்தா, குப்புறப் படுத்தா என்பதும் உண்டு. குப்புறப் படுத்தால் தொடையின் முன்பக்கத் தசை இழுபட்டுக் கோணம் குறைந்து காட்டும்.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்றைச் சொல்கிறேன். நீட்டிய காலை 0 என்று கொண்டு எண்ணுவது இன்றைய வழக்கம். நீட்டிய காலை 180 என்று கொண்டு எண்ணும் முறையும் இருக்கிறது. கருவியிலேயே இரண்டு எண்வரிசைகள் அச்சாகியிருக்கும். ஒருவர் 110 என்று எழுதிய அதே முழங்காலை இன்னொருவர் 70 என்று எழுதிவிடலாம். கோவையில் அறுவை செய்துகொண்டு, ஊருக்குத் திரும்பி இங்கே பயிற்சிக்கு வருகிறவர்களின் நோட்டில் இப்படி ஒரு 'வீழ்ச்சி'யை நான் கண்டிருக்கிறேன். அந்தக் குடும்பம் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்திருந்தது.

ஆகவே முடிந்தவரை ஒரே ஆளிடம் அளவு எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் மாறினால், பழையவரும் புதியவரும் ஒரே நாளில் ஒரு முறை அளந்து இரண்டையும் எழுதி வைத்தால் பின்னால் ஒப்பிட வசதி.

அனுபவசாலிகள் கண்ணால் பார்த்தே கோணம் சொல்கிறார்களே?

சொல்வார்கள். ஆனால் இருவர் கண்கள் ஒத்துப்போவதைவிட இருவர் கருவிகள் நன்றாக ஒத்துப்போகின்றன. கண்ணுக்குப் பூஜ்ஜியத்தில் முடியும் எண்கள் பிடிக்கும்: 90, 100, 120. 97 என்று எந்தக் கண்ணும் சொல்லி நான் கேட்டதில்லை.

தொடை இளைத்துவிட்டது என்று டேப் வைத்துச் சொன்னார்கள். நம்பலாமா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நானே ஒரு மனிதருக்குத் தீங்கு செய்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு. பல்லடம் பக்கத்து விசைத்தறித் தொழிலாளி ஒருவர், முழங்கால் ஜவ்வு அறுவைக்குப் பின் பயிற்சிக்கு வந்தார். முதல் நாள் நான் தொடையை அளந்தேன்: முழங்கால் சில்லின் மேல்விளிம்பிலிருந்து 10 சென்டிமீட்டர் மேலே. நோட்டில் 'தொடை 46' என்று மட்டும் எழுதினேன். ஆறு வாரம் கழித்து நான் விடுப்பில் இருந்தபோது இன்னொருவர் அளந்தார். அவருக்குக் கற்றுக்கொடுத்த முறைப்படி மூட்டின் இடுக்கிலிருந்து 10 சென்டிமீட்டர் எண்ணினார். அந்த இடுக்கு சில்லின் மேல்விளிம்புக்குச் சில சென்டிமீட்டர் கீழே இருக்கிறது. ஆகவே அவருடைய டேப் தொடையின் மெலிந்த பகுதியில் சுற்றியது. விடை 43.

ஆறு வாரம் விடாமல் பயிற்சி செய்த மனிதரிடம் தசை மூன்று சென்டிமீட்டர் கரைந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அவர் கடன் வாங்கிப் புரதப் பொடி டப்பாக்கள் வாங்கினார். தறிக்குத் திரும்பவே முடியாது என்று முடிவு கட்டி, மனைவியைப் பனியன் கம்பெனி வேலைக்கு அனுப்பினார். நான் திரும்பி வந்து, இரண்டு இடங்களிலும் பேனாவால் குறி போட்டு, இரண்டையும் அளந்து காட்டியபோது அவர் ஒன்றும் பேசவில்லை. என் பழைய இடத்தில் அளந்தால் 46.5 இருந்தது. கால் தேறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. தவறு, எங்கே அளந்தேன் என்று எழுதாத என்னுடையது. அதற்குப் பிறகு இடத்தை எழுதாமல் நான் எந்தச் சுற்றளவையும் எழுதியதில்லை.

தொடை மேலே பருத்துக் கீழே சிறுத்த வடிவம். டேப் இரண்டு சென்டிமீட்டர் மேலோ கீழோ நகர்ந்தால் சுற்றளவு ஒரு சென்டிமீட்டருக்கு மேல்கூட மாறிவிடும். நல்ல அளவுக்கு வேண்டியவை: படுத்த நிலை, தளர்ந்த தசை, நீட்டிய முழங்கால், எலும்பிலிருந்து எண்ணிப் பேனாவால் போட்ட குறி, சாயாமல் சுற்றிய டேப், தோலை அமுக்காத இழுப்பு. துணி டேப் நாளாக நாளாக நீளும். ஃபைபர் டேப்பே நல்லது. இழுப்பு ஒரே அளவில் இருக்க, முனையில் ஸ்பிரிங் வைத்த டேப்பும் கிடைக்கிறது.

மற்றக் காலையும் அளக்கச் சொல்லுங்கள். ஒரு தொடையின் எண்ணைவிட இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அதிகம் பேசும். அதிலும் ஓர் எச்சரிக்கை: அறுவை நடந்த கால் வீங்கியிருந்தால் தசை இளைத்தது டேப்பில் தெரியாது, வீக்கம் வடிந்ததும் தொடை 'இளைத்தது' போலத் தோன்றும். உண்மையில் அது நல்ல செய்தி.

ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை என்று டேப்பில் வருகிறது. செருப்புக்கு உயரம் வைக்க வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து கணுக்காலின் உள்பக்க எலும்பு வரை டேப்பால் அளப்பது வழக்கம். இடுப்பு சற்றுச் சாய்ந்திருந்தாலோ, ஒரு முழங்கால் முழுதாக நீளாமல் இருந்தாலோ, டேப்பின் தொடக்கம் எலும்பின் ஒரே இடத்தில் நிற்காமல் வழுக்கினாலோ அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் பொய்யாகவே வந்துவிடும். எந்தத் தொந்தரவும் இல்லாத பலருக்கே கால்களில் ஒரு சென்டிமீட்டருக்குள் வித்தியாசம் இருப்பது சகஜம்.

இரண்டு முறை அளந்து சராசரி எடுப்பது முதல் படி. நிற்க வைத்து, குட்டையான காலுக்கடியில் தடிமன் தெரிந்த பலகைத் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து, இடுப்பின் இரு பக்கமும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை பார்ப்பது இன்னும் நல்ல முறை. அறுவை பற்றிய முடிவு என்றால் எக்ஸ்ரே அளவே வேண்டும். இடுப்பு மூட்டு மாற்றிய புதிதில், தசை இறுக்கத்தாலேயே ஒரு கால் நீண்டுவிட்டது போலத் தோன்றுவது உண்டு. அதை நம்பி முதல் வாரத்திலேயே செருப்பைத் தைக்கக் கொடுத்துவிடாதீர்கள்.

செல்போன் செயலியால் கோணம் அளக்கலாமா?

அளக்கலாம். போனுக்குள் இருக்கும் சாய்வு உணரி நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் போனைக் காலின் முன்பக்கம் கைக்குத் தட்டுப்படும் கணைக்கால் எலும்பின் மேல் வைப்பதா, கெண்டைக்காலின் சதை மேல் வைப்பதா என்று ஒவ்வொரு முறையும் மாற்றினால் செயலி என்ன செய்யும்? கருவி மாறினாலும் இடத்தின் சிக்கல் அப்படியேதான் இருக்கிறது.

நாற்காலியிலிருந்து எழுந்து நடக்கச் சொல்லி நேரம் எடுக்கிறார்கள். அது என்ன சோதனை? எவ்வளவு நம்பலாம்?

நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் வரை ஆகும் நொடிகளை எண்ணும் சோதனை. 1991-இல் போட்சியாட்லோ, ரிச்சர்ட்சன் என்ற இருவர் இந்த வடிவத்தில் வெளியிட்டார்கள். ஒரு நாற்காலி, ஒரு கடிகாரம், தரையில் ஒரு கோடு. எந்தக் கிராமத்திலும் செய்யலாம். எனக்கு மிகப் பிடித்த சோதனை இது.

எளிமையானது என்பதாலேயே அலட்சியமும் சேர்ந்துவிடுகிறது. கைப்பிடி உள்ள நாற்காலியா, இல்லாததா? உட்காரும் பலகை எவ்வளவு உயரம்? தாழ்ந்த பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுவதும் உயர்ந்த மர நாற்காலியிலிருந்து எழுவதும் ஒன்றல்ல. செருப்போடா, வெறுங்காலா? வேட்டியை மடித்துக் கட்டியிருந்தாரா? புடவைக் கொசுவம் காலில் தடுக்கியதா? கைத்தடி பிடித்தாரா? 'நடங்கள்' என்றதும் கடிகாரத்தை அழுத்தினோமா, முதுகு நாற்காலியை விட்டதும் அழுத்தினோமா? முதல் முறை பலருக்கும் என்ன செய்வது என்று புரியாமல் தடுமாறும். ஆகவே ஒரு முறை பழகவிட்டு, அடுத்த முறையைக் கணக்கில் எடுப்பேன்.

ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்க்கும் சோதனையும் உண்டு; இதயம், நுரையீரல் நோயாளிகளுக்கு அதிகம் செய்வார்கள். 30 மீட்டர் நீளமுள்ள நேரான நடைபாதை வேண்டும் என்பது அமெரிக்க மார்பு நோய் மருத்துவர் சங்கம் 2002-இல் வகுத்த நெறி. 10 மீட்டர் வராந்தாவில் செய்தால் திரும்பித் திரும்பியே தூரம் குறைந்துவிடும். உற்சாகப்படுத்தும் சொற்களைக்கூட அந்த நெறியில் எழுதி வைத்திருக்கிறார்கள். காரணம் இருக்கிறது: ஊக்குவித்தால் சுமார் 30 மீட்டர் கூடுதலாக நடக்கிறார்கள் என்று 1984-இல் ஓர் ஆய்வு காட்டியது. நம் ஊரில் பேரன் பேத்தி எல்லோரும் கூட வந்து, "இன்னும் கொஞ்சம் தான் அம்மிச்சி, வாங்க வாங்க" என்று குரல் கொடுப்பார்கள். எனக்கு அது நெகிழ்ச்சியாக இருக்கும். ஆனாலும் அளவு எடுக்கும் அந்த ஆறு நிமிடம் மட்டும் அவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிடுவேன். போன மாதம் தனியாக நடந்த அம்மிச்சியை இந்த மாதம் ஆரவாரத்தோடு நடந்த அம்மிச்சியோடு ஒப்பிடக் கூடாது.

கையின் பலம் '4' என்று எழுதியிருக்கிறார்கள். மூன்று மாதமாக அதே 4. முன்னேற்றமே இல்லையா?

இருக்கலாம்; அந்த அளவுகோலுக்குத் தெரியாமல் போயிருக்கலாம். 0 முதல் 5 வரை தசையின் பலத்தைக் குறிக்கும் இந்த முறை, இரண்டாம் உலகப் போரில் நரம்பு அறுந்த வீரர்களைச் சோதிக்க பிரிட்டனில் 1943-இல் வகுத்த குறிப்புகளிலிருந்து வந்தது. 0 என்றால் தசையில் துடிப்புகூட இல்லை. 3 என்றால் புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்க முடிகிறது. 5 என்றால் முழு பலம். கீழ்ப்படிகளில் அது கூர்மையான கருவி: தூக்குகிறாரா இல்லையா என்பதில் இருவருக்குள் சண்டை வராது. 4 என்ற படியோ மிக அகலமானது. ஒரு டம்ளரைத் தூக்கும் கைக்கும் ஒரு குடத்தைத் தூக்கும் கைக்கும் அதே 4 கிடைக்கலாம். அளக்கிறவர் எவ்வளவு பலசாலி என்பதும் அதில் கலந்துவிடுகிறது.

கைப்பிடி பலத்தைக் கிலோவில் காட்டும் கருவி இருந்தால் கேட்டு வாங்கிப் பயன்படுத்துங்கள். முழங்கையை 90 டிகிரி மடக்கி, உடலோடு ஒட்டி வைத்து, மூன்று முறை அழுத்தச் சொல்லிச் சராசரி எடுத்தால் நல்ல நம்பகத்தன்மை கிடைக்கும்.

வலியைப் பத்துக்கு எத்தனை என்று கேட்கிறார்களே, அதுவும் ஓர் அளவா?

ஆம், அளவுதான். வேறு யாராலும் எடுக்க முடியாத அளவு. ஒருவரின் 6-ஐ இன்னொருவரின் 6-ஓடு ஒப்பிடக் கூடாது. அவரவர் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிட வேண்டும். நாள்பட்ட வலியில் ஏறத்தாழ 2 புள்ளி குறைந்தால்தான் நோயாளிக்கே நிம்மதி தெரிகிறது. உட்கார்ந்திருக்கும்போதா, படி ஏறும்போதா என்பதையும் சேர்த்துக் கேட்காத வலி எண் பாதி எண்தான்.

அப்படியானால் எவ்வளவு மாறினால் உண்மையான மாற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம்?

நோயாளிகள் இதை வேகமாகக் கடந்துவிடலாம். இளைய மருத்துவர்கள் நின்று படிக்க வேண்டும்.

பத்துப் பதினைந்து நோயாளிகளை, நிலை மாறாத இடைவெளியில், இரண்டு முறை அளந்துகொள்ளுங்கள். முதல் அளவின் எண்ணை மறைத்துவிட்டு இரண்டாவதை எடுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு, அந்த வித்தியாசங்களின் திட்ட விலக்கத்தை, அதாவது அவை தம் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் கண்டுபிடியுங்கள். அதை 1.96-ஆல் பெருக்கினால், உங்கள் கையும் உங்கள் கருவியும் சேர்ந்து கண்டறியக்கூடிய குறைந்தபட்ச மாற்றம் கிடைக்கும். புத்தகத்தில் 'அளவைப் பிழை' என்ற எண் கொடுத்திருந்தால் அதை 2.77-ஆல் பெருக்குங்கள், அதே இடத்துக்கு வந்து சேர்வீர்கள். பிழை 2 டிகிரி என்றால் 5.5 டிகிரிக்கு மேல் நகர்ந்தால்தான் மாற்றம் என்று துணிந்து சொல்லலாம். முதல் அளவிலும் தடுமாற்றம் இருக்கிறது, இரண்டாவதிலும் இருக்கிறது. அதனால்தான் பெருக்கும் எண் இவ்வளவு பெரிதாகிறது.

இரண்டு அளவுகளின் ஒட்டுறவு (ஒன்று கூடும்போது மற்றதும் சேர்ந்து கூடுகிறதா என்று காட்டும் எண்) 0.9-க்கு மேல் என்று யாராவது பெருமையாகச் சொன்னால், யாரை அளந்தார்கள் என்று கேளுங்கள். 30 டிகிரி மடங்கும் முழங்காலும் 140 டிகிரி மடங்கும் முழங்காலும் ஒரே கூட்டத்தில் இருந்தால், கை எவ்வளவு தடுமாறினாலும் அந்த எண் உயர்வாகவே வரும். ஒட்டுறவு வேறு, ஒத்துப்போவது வேறு என்று பிளாண்ட், ஆல்ட்மன் என்ற புள்ளியியலாளர்கள் இருவரும் 1986-இல் லான்செட் மருத்துவ இதழில் தெளிவாக எழுதினார்கள்.

ஒரு கூட்டத்தில் கிடைத்த எண்ணை இன்னொரு கூட்டத்துக்குக் கடன் வாங்குவதிலும் ஆபத்து உண்டு. மேலே சொன்ன 3 மீட்டர் நடைச் சோதனையில், பார்க்கின்சன் நோயாளிகளுக்கு எத்தனை நொடி மாறினால் மாற்றம் என்று இரண்டு ஆய்வுகள் பார்த்தன. ஒன்றில் 3.5 நொடி வந்தது. மற்றதில் 11 நொடி வந்தது.

வீட்டில் நாங்களே அளக்க ஒரு வழி சொல்லுங்கள்.

முழங்காலுக்கு: கட்டிலில் மல்லாந்து படுத்து, குதிகாலைப் பிட்டத்தை நோக்கி இழுத்துக்கொண்டு வாருங்கள். இனி முடியாது என்ற இடத்தில், குதிகாலுக்கும் பிட்டத்துக்கும் உள்ள இடைவெளியை இஞ்ச் டேப்பால் வேறொருவர் அளக்கட்டும். இடைவெளி குறையக் குறைய மடக்கம் கூடுகிறது. இது உங்கள் காலின் நீளத்தைப் பொறுத்த எண். பக்கத்து வீட்டு அண்ணனின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

தோளுக்கு: சுவரைப் பார்த்து நின்று, கால்விரலைத் தரை ஓட்டின் ஒரே கோட்டில் வைத்து, விரல்களால் சுவரில் ஏறி, எட்டிய உயரத்தில் பென்சில் கோடு. குதிகால் தூக்கக் கூடாது, உடம்பைச் சாய்க்கக் கூடாது. தோள் இறுகியவர்கள் இரண்டையும் தம்மை அறியாமலே செய்வார்கள். பக்கத்தில் ஒருவர் நின்று கவனிக்க வேண்டும்.

வாரம் ஒரு முறை போதும். ஒரே கிழமை, காலையில், ஒத்தடத்துக்கு முன். மூன்று முறை அளந்து சராசரி எழுதுங்கள். அளந்து முடிக்கும்வரை போன வாரப் பக்கத்தைத் திறக்காதீர்கள். ஆசை மனதில் இருந்தால் கை தானாக இன்னும் கொஞ்சம் அழுத்திவிடும். எனக்கும் அது நடக்கிறது. என் நோயாளி தேற வேண்டும் என்று நான் விரும்புகிறேன், அந்த விருப்பம் கருவியின் பட்டையையும் இரண்டு டிகிரி தள்ளிவிடுகிறது. அதனால் முக்கியமான நாட்களில் கோணத்தை நான் பிடிக்க, எண்ணை இன்னொருவரைப் படிக்கச் சொல்கிறேன்.

120 டிகிரி வந்தே தீர வேண்டும் என்கிறார்கள். அந்த எண் எங்கிருந்து வருகிறது?

வாழ்க்கையிலிருந்து. சமதரையில் நடக்க முழங்கால் 60 முதல் 70 டிகிரி மடங்கினால் போதும். படி ஏறி இறங்கவும் நாற்காலியில் உட்கார்ந்து எழவும் 90-ஐ ஒட்டி வேண்டும். இருசக்கர வண்டியில் ஏறி உட்கார அதற்கும் மேல். குந்தி உட்கார 130-க்கும் மேல் தேவை. மூட்டு மாற்றியவர்கள் பலருக்கு 110, 120 வரை கிடைக்கும். குந்துவதை அறுவை மருத்துவர்கள் பொதுவாக வேண்டாம் என்றே சொல்வார்கள்.

எண்ணைத் துரத்துவதற்கு முன் அந்த மனிதருக்கு என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். சென்னிமலைக் குழித்தறி நெசவாளர் குழியில் காலைத் தொங்கவிட்டு உட்காருகிறார். அவருக்கு 130 வேண்டாம். 90-ஐ ஒட்டி வலி இல்லாமல் மணிக்கணக்கில் மிதிக்கும் கால் வேண்டும். காங்கேயம் பக்கத்து அம்மிச்சி ஒருவர் மூட்டு மாற்றிய பிறகு என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "மாட்டுக்குப் பால் கறக்க முடியுமா கண்ணு?" குந்திக் கறப்பதை விட்டுவிட்டு, உயரமான முக்காலியில் உட்கார்ந்து கறக்கப் பழகினார். நோட்டில் கோணத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டோம்: எழுந்திருக்காமல் எத்தனை நிமிடம் கறந்தார். அவருடைய கோணம் 104-லேயே ஒரு மாதம் நின்றது. நிமிடங்கள் 3-லிருந்து 12-க்குப் போயின. நடையின் வேகம் நொடிக்கு 0.1 மீட்டர் கூடினால் அது முதியவர்களின் வாழ்வில் தெரியக்கூடிய முன்னேற்றம் என்கிறது ஆய்வு. அம்மிச்சியின் கணக்கும் அந்த வகைதான்.

மாற்றுத்திறன் சான்றிதழுக்கு அளக்கும்போது கவனிக்க வேண்டியது என்ன?

2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி 40 சதவீதம் என்பது பல உதவிகளுக்கான வாசல். கை கால் குறைபாட்டில் மூட்டின் அசைவும் தசையின் பலமும் அந்தச் சதவீதக் கணக்கில் சேர்கின்றன. விளிம்பில் நிற்பவருக்கு ஐந்து டிகிரி பெரிய விஷயம். வீங்கிய காலோடு, அறுவை முடிந்த சூட்டோடு போகாதீர்கள். நிலை தேறி நின்ற பிறகு போங்கள். மாத வாரியாக அளவுகள் உள்ள நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரு நாள் அளவோடு தொடர்ச்சியும் கண்ணில் பட்டால் பார்க்கும் மருத்துவருக்கும் முடிவு எளிது.

பழைய நோட்டு தொலைந்துவிட்டது. எல்லாம் வீணா?

இல்லை. இன்றைய தேதி போட்டுப் புதிய நோட்டைத் தொடங்குங்கள். முதல் பக்கத்தில் எண்ணுக்கு முன்னால் முறையை எழுதச் சொல்லுங்கள்: யார் அளந்தார், எந்த எலும்பிலிருந்து, படுத்தா உட்கார்ந்தா, தானாக மடக்கியதா, பயிற்சிக்கு முன்னா பின்னா, நீட்டிய கால் 0-வா 180-ஆ. பக்கத்திலேயே நல்ல காலின் அளவும் இருக்கட்டும். தொலைந்துபோன முதல் நாள் அளவுக்குப் பதிலாக அது நிற்கும். பேனாக் குறி இருக்கும் நிலையில் தொடையைச் செல்போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். குளித்தால் குறி அழிந்துவிடும். படத்தில் தெரியும் தழும்பையும் மச்சத்தையும் வைத்து அடுத்த மாதம் அதே இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.